பரவளையத்தின் நடுக்கோடு: சமச்சீர் அச்சைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஒரு ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டைச் சேர்க்கும் மூலைவிட்டத்தின் வழியே மடியுங்கள். மீதி இரண்டு மூலைகளும் ஒன்றன்மேல் ஒன்று போய் உட்காரும் என்றுதான் தோன்றும். உட்காராது. இரண்டு பக்கமும் முக்கோணக் காதுகள் நீட்டிக்கொண்டு நிற்கும். இத்தனைக்கும் அந்த மூலைவிட்டம் தாளைச் சரிபாதியாகத்தான் பிரிக்கிறது. கத்தரித்துப் பார்த்தால் இரண்டு துண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். ஆனாலும் அது சமச்சீர் அச்சு கிடையாது.

இந்தத் தாளை மேசையிலேயே வைத்திருங்கள், பின்னால் வேண்டியிருக்கும். சமச்சீர் அச்சைப் பற்றிய பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பாதியாகப் பிரிக்கும் கோடெல்லாம் அச்சு ஆகாது. அந்தக் கோட்டில் மடித்தால் ஒரு பாதி இன்னொரு பாதியின் மேல் கச்சிதமாகப் படிய வேண்டும். சின்ன வகுப்பில் ‘சமச்சீர் கோடு’ என்று படித்ததும், பெரிய வகுப்பில் பரவளையம் (பாரபோலா) என்ற கிண்ண வடிவ வளைவுக்குச் ‘சமச்சீர் அச்சு’ என்று படிப்பதும் ஒன்றேதான்.

மடிப்பைக் கணக்கின் மொழியில் சொன்னால் இப்படி வரும்: வடிவத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் அச்சுக்கு மறுபக்கம் ஒரு ஜோடிப் புள்ளி உண்டு. ஜோடிகள் இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால், அச்சு அந்தக் கோட்டை நட்டநடுவில், செங்குத்தாக வெட்டும். ‘நடுவில்’, ‘செங்குத்தாக’ என்ற இரண்டு சொற்களும் முக்கியம். ஏ4 தாளின் மூலைவிட்டம் தோற்றது இரண்டாவதில். மடிக்காத இரண்டு மூலைகளையும் இணைக்கும் கோட்டை அது நடுவில்தான் வெட்டுகிறது, ஆனால் சாய்வாக வெட்டுகிறது. சதுரமாக இருந்தால் செங்குத்தாக வெட்டியிருக்கும். அதனால்தான் சதுரத்துக்கு மூலைவிட்டங்களும் அச்சாகின்றன, செவ்வகத்துக்கு ஆவதில்லை.

வடிவங்களில் அச்சைத் தேடுவது

முதலில் வடிவத்தை உற்றுப் பார்த்து, அச்சாக இருக்கலாம் என்று தோன்றும் கோடுகளை மெலிதாகப் பென்சிலால் போடுங்கள். பக்கங்களின் நடுப்புள்ளிகள், மூலைகள் வழியாகப் போகும் கோடுகளைத்தான் பெரும்பாலும் சோதிக்க வேண்டியிருக்கும். அப்புறம் ஒவ்வொரு கோட்டுக்கும், ஒரு பக்கத்தில் உள்ள மூலைகளின் ஜோடி மறுபக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு மூலைக்கு ஜோடி கிடைக்காவிட்டாலும் அந்தக் கோடு கழிந்தது. மூலைகள் எல்லாம் பொருந்திவிட்டால், நேர்ப்பக்கங்கள் உள்ள வடிவத்தில் பக்கங்களும் பொருந்துகின்றனவா என்று ஒரு முறை பார்த்தால் போதும். வளைகோடு உள்ள வடிவம் என்றால் நடுநடுவே சில புள்ளிகளையும் சோதிக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் வழக்கமான வடிவங்களுக்குக் கிடைக்கும் விடைகள்: இருசமபக்க முக்கோணத்துக்கு 1, சமபக்க முக்கோணத்துக்கு 3, அசமபக்க முக்கோணத்துக்கு ஒன்றும் இல்லை. சதுரத்துக்கு 4, செவ்வகத்துக்கு 2, சாய்சதுரத்துக்கு 2. செவ்வகத்தின் அச்சுகள் பக்கங்களின் நடுவே போகின்றன, சாய்சதுரத்தின் அச்சுகள் அதன் மூலைவிட்டங்கள். பட்டம் வடிவத்துக்கு 1. வட்டத்துக்குக் கணக்கே இல்லை, எந்த விட்டமும் அச்சுதான். நீள்வட்டத்துக்கு 2 மட்டும். ஒழுங்கு பலகோணம் என்றால் எத்தனை பக்கமோ அத்தனை அச்சு.

இணைகரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண இணைகரத்துக்கு ஓர் அச்சு கூடக் கிடையாது. பார்ப்பதற்கு ஒழுங்காக இருப்பதால் இரண்டு என்று எழுதிவிடுவார்கள். கண்ணை ஏமாற்றுவது அதன் சுழல் சமச்சீர். அரைச் சுற்று சுற்றினால் பழையபடியே தெரியும், மடித்தால் பொருந்தாது. பிள்ளைகள் செய்யும் காகிதக் காற்றாடியும் இதே கதைதான். கால் சுற்று சுற்றினாலே அதே உருவம் வந்துவிடும். ஆனால் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பியிருப்பதால் எந்தக் கோட்டில் மடித்தாலும் சேராது.

நம் தேசியக் கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணங்களையும் சேர்த்துப் பார்த்தால் மேலிருந்து கீழாக நடுவில் போகும் கோடு ஒன்றுதான் அச்சு. இடமிருந்து வலமாகப் போகும் நடுக்கோட்டில் மடித்தால் காவியின் மேல் பச்சை வந்து விழும். ஆனால் நடுவில் இருக்கும் சக்கரத்தை மட்டும் தனியாக எடுத்தால் 24 ஆரங்களுக்கு 24 அச்சுகள். எதிரெதிர் ஆரங்கள் வழியாகப் போவன 12, ஆரங்களுக்கு இடையே புகுந்து போவன 12. ஆரத்துக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் விடை சரியாகத்தான் வரும், காரணம்தான் தப்பாக இருக்கும்.

இன்னொரு விளையாட்டு, நம் எழுத்துகளிலேயே. ஃ என்ற எழுத்தின் மூன்று புள்ளிகளும் சமபக்க முக்கோணமாக நின்றால் அதற்கு மூன்று அச்சு. மேல் புள்ளி கொஞ்சம் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். எந்த எழுத்துருவில் எத்தனை என்று அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

பரவளையத்துக்கு வருவோம்

எக்ஸ், ஒய் என்று தமிழிலேயே எழுதிக்கொண்டு போகிறேன். நோட்டில் நீங்கள் வழக்கம்போல எழுதிக்கொள்ளுங்கள்.

ஒய் = எக்ஸ்² − 6எக்ஸ் + 5 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். எக்ஸுக்கு −1 முதல் 7 வரை வரிசையாக மதிப்பு கொடுத்தால் ஒய் இப்படி வருகிறது:

12, 5, 0, −3, −4, −3, 0, 5, 12

வரைபடம் போடும் முன்பே சமச்சீர் தெரிந்துவிட்டது. பட்டியலை இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான், ‘விகடகவி’ மாதிரி. நடுவில் தனியாக நிற்கும் −4 எக்ஸ் = 3 என்ற இடத்தில் வருகிறது. அதுதான் பரவளையத்தின் முனை: (3, −4). முனை வழியாக நெடுக்காகப் போகும் எக்ஸ் = 3 என்ற கோடு சமச்சீர் அச்சு.

விடை எழுதும்போது ‘3’ என்று மட்டும் எழுதக் கூடாது. அச்சு என்பது ஒரு கோடு, எண் இல்லை. ‘எக்ஸ் = 3’ என்று எழுதினால்தான் அது கோட்டின் சமன்பாடு.

இப்போது பட்டியலில் ஒரே உயரத்தில் இருக்கும் ஜோடிகளைப் பாருங்கள். உயரம் 0: எக்ஸ் 1, 5. உயரம் 5: எக்ஸ் 0, 6. உயரம் 12: எக்ஸ் −1, 7. எந்த ஜோடியை எடுத்தாலும் கூட்டல் 6, அதில் பாதி 3. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: ஒரே உயரத்தில் இரண்டு புள்ளிகள் கிடைத்தால், அவற்றின் நடுவில்தான் அச்சு. கீழே வரும் முறைகள் எல்லாம் அந்த இரண்டு புள்ளிகளைச் சீக்கிரமாகப் பிடிப்பதற்கான வழிகள்தான்.

சமன்பாடே கொடுக்காமல், ‘ஒரு பரவளையம் (−1, 8), (7, 8) வழியாகப் போகிறது, அச்சு எது?’ என்று கேட்டாலும் பயப்பட வேண்டாம். மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ திறக்கும் பரவளையம் என்று தெரிந்தால் போதும். உயரம் ஒன்றுதான். −1, 7 இரண்டையும் கூட்டினால் 6, பாதி 3. முடிந்தது.

அந்தச் சூத்திரம் எங்கிருந்து வருகிறது?

அச்சுக்கு ஒரு சூத்திரம் உண்டு: எக்ஸ் = −பி/2ஏ (ஏ என்பது எக்ஸ்²-இன் கெழு, அதாவது அதைப் பெருக்கும் எண்; பி என்பது எக்ஸின் கெழு). மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர். அந்த 2 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. நானும் கல்லூரிக்குப் போன பிறகுதான் யோசித்தேன். சூத்திரத்தை வருவிக்க இரண்டு வரி போதும்.

ஒய் = ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி. இதில் எக்ஸ் = 0 என்று போட்டால் உயரம் சி. அதே சி உயரத்தில் இருக்கும் இன்னொரு புள்ளி எங்கே? ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் = 0 ஆக வேண்டும். எக்ஸைப் பொதுவாக வெளியே எடுத்தால் எக்ஸ்(ஏஎக்ஸ் + பி) = 0. ஆக, ஒன்று எக்ஸ் = 0, இன்னொன்று எக்ஸ் = −பி/ஏ. இவைதான் ஜோடி. நடுப்புள்ளி என்றால் பாதி, அதனால் −பி/2ஏ. சூத்திரத்தில் இருக்கும் 2 ‘பாதி’ என்பதைத்தான் சொல்கிறது.

இந்த வழியில் இன்னொரு லாபம் உண்டு. பரவளையம் எக்ஸ் அச்சைத் தொடாவிட்டாலும் இது வேலை செய்யும். ஒய் = எக்ஸ்² + 4எக்ஸ் + 7 என்பதற்கு மெய்யான மூலங்கள் இல்லை, அதாவது ஒய்யை 0 ஆக்கும் எக்ஸ் மதிப்பு எதுவும் இல்லை. பரவாயில்லை. எக்ஸ்² + 4எக்ஸ் = 0 என்றால் எக்ஸ் 0 அல்லது −4. இரண்டு இடத்திலும் உயரம் 7. நடுவில் எக்ஸ் = −2, அதுதான் அச்சு. அங்கே உயரம் 4 − 8 + 7 = 3, ஆகவே முனை (−2, 3).

பி என்ற கெழுவே இல்லாத சமன்பாடு, உதாரணமாக ஒய் = எக்ஸ்² − 9, வந்தால் இரண்டு புள்ளியும் 0 என்றே வரும். ஜோடியாக வேண்டிய இரண்டும் ஒன்றாகிவிட்டன என்றால் அதுதான் முனை. ஒய் அச்சே சமச்சீர் அச்சு.

சூத்திரத்தில் சி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? சி மதிப்பை மாற்றினால் பரவளையம் மொத்தமாக மேலேயோ கீழேயோ நகரும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே அச்சை மட்டும் கேட்டால் சியைப் பார்க்கவே வேண்டாம்.

எந்த வடிவில் சமன்பாடு வந்தால் எதைச் செய்வது

காரணிகளாக வந்தால், உதாரணமாக ஒய் = (எக்ஸ் − 1)(எக்ஸ் − 5), பெருக்கிப் பார்க்காதீர்கள். இரண்டு மூலங்களும் கண்முன்னாலேயே இருக்கின்றன: 1, 5. நடுவில் 3. பெருக்கி விரித்து, அப்புறம் சூத்திரத்தில் போட்டு அதே 3-க்கு வருவது மூக்கைச் சுற்றி வளைத்துத் தொடுவது.

விரிந்த வடிவில் வந்தால் மேலே சொன்னபடி −பி/2ஏ. ஒய் = −2எக்ஸ்² + 8எக்ஸ் − 3 என்றால் ஏ = −2, பி = 8. −8 ÷ −4 = 2. அச்சு எக்ஸ் = 2, அங்கே உயரம் −8 + 16 − 3 = 5. ஏ குறை எண் என்பதால் இது கவிழ்ந்த பரவளையம், 5 என்பது உச்சம். இங்கே தவறு நடப்பது ஒரே இடத்தில்தான்: குறிகளில். பி குறை எண்ணாக இருக்கும்போது −பி கூட்டல் எண்ணாகிவிடும் என்பதை அவசரத்தில் மறந்துவிடுவோம். சந்தேகம் வந்தால் அச்சுக்கு ஒரு படி இடதும் ஒரு படி வலதும் மதிப்பைப் போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கில் எக்ஸ் = 1 என்றாலும் 3 என்றாலும் ஒய் 3 வருகிறது. சரி, அச்சு 2-தான்.

வர்க்கப் பூர்த்தி செய்த வடிவில் வந்தால் கணக்கே இல்லை. முதலில் பார்த்த சமன்பாட்டை ஒய் = (எக்ஸ் − 3)² − 4 என்றும் எழுதலாம். எக்ஸ் 3-ஐ விட எவ்வளவு கூடினாலும், அதே அளவு குறைந்தாலும், வர்க்கம் ஒன்றாகத்தான் வரும். சமச்சீர் ஏன் வருகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது. ஒய் = 2(எக்ஸ் + 3)² − 1 என்று வந்தால் அச்சு −3, கூட்டல் 3 இல்லை. அடைப்புக்குள் இருப்பதைப் பூஜ்ஜியமாக்கும் எண் எதுவோ அதுதான் அச்சு.

வரைபடத் தாளில்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கணக்கில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் வந்தால் சமச்சீர் அச்சைத் தெரிந்தவருக்கு வேலை பாதியாகக் குறையும். பாதி என்று சும்மா சொல்லவில்லை, அட்டவணையில் பாதியைத்தான் கணக்கிட வேண்டும்.

முதல் வேலை அச்சைக் கண்டுபிடிப்பது. அடுத்து முனை. அட்டவணையை −4 முதல் 4 வரை என்று பழக்கதோஷத்தில் போடாமல், அச்சை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் நான்கு நான்கு மதிப்பு எடுங்கள். அச்சு 3 என்றால் −1 முதல் 7 வரை. அப்போதுதான் பரவளையம் இரண்டு கையும் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும். ஒரு பக்கத்தைக் கணக்கிட்டு மறுபக்கத்துக்கு அப்படியே எழுதிவிடலாம், ஓரிரண்டை மட்டும் சரிபார்த்தால் போதும்.

கணக்கிடவே வேண்டாம் என்ற வழியும் உண்டு. முனையிலிருந்து ஒவ்வொரு படியாக நகரும்போது ஒய் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்: −4, −3, 0, 5, 12. ஏற்றம் 1, 3, 5, 7. ஒற்றைப்படை எண்கள்! எக்ஸ்² என்பதன் கெழு 1 ஆக இருந்தால் எப்போதும் இப்படித்தான். கெழு 2 என்றால் 2, 6, 10, 14. குறை எண் என்றால் அதே அளவு இறக்கம். அச்சு முழு எண்ணாக இருந்தால், முனையைக் குறித்துவிட்டு இந்த ஏற்றத்தை வைத்தே இரண்டு பக்கமும் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு போகலாம்.

முழு எண்ணாக இல்லாவிட்டால்? இங்கேதான் நான் பள்ளியில் மாட்டிக்கொண்டேன். ஒய் = எக்ஸ்² − எக்ஸ் − 12. அட்டவணையில் எக்ஸ் = 0-க்கும் −12, எக்ஸ் = 1-க்கும் −12. இரண்டு புள்ளியையும் அளவுகோல் வைத்து நேர்கோட்டால் சேர்த்துவிட்டேன். பரவளையத்துக்கு அடியில் ஒரு பலகை போட்ட மாதிரி தட்டையாக வந்தது, விளக்கு ஏற்றி வைக்கலாம் போல. ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

அந்த இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும் ஜோடி. அப்படியானால் அச்சு நடுவில், எக்ஸ் = 0.5. அங்கே ஒய் = 0.25 − 0.5 − 12 = −12.25. முனை −12-க்கும் கொஞ்சம் கீழே இருக்கிறது. ஒய் அச்சில் 1 செ.மீ = 2 அலகு என்று வைத்தால் அந்தக் ‘கொஞ்சம்’ ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புள்ளியைக் குறித்துவிட்டால் கை தானாக வளைத்து வரையும். அட்டவணையின் அடியில் ஒரே எண் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் நடுவில் முனை ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலங்களின் தன்மையையும் அச்சின் மேலிருக்கும் முனையை வைத்தே சொல்லிவிடலாம். மேல்நோக்கித் திறக்கும் பரவளையத்தின் முனை எக்ஸ் அச்சுக்குக் கீழே இருந்தால் மெய்யான சமமற்ற மூலங்கள். எக்ஸ் அச்சின் மேலேயே இருந்தால் மெய்யான சமமான மூலங்கள். எக்ஸ் அச்சுக்கு மேலே இருந்தால் மெய்யான மூலங்கள் இல்லை.

முறுக்கு வியாபாரம்

ஒருவர் முறுக்குப் பாக்கெட்டை 20 ரூபாய்க்கு விற்கிறார். நாளுக்கு 100 பாக்கெட் போகிறது. விலையில் ஒரு ரூபாய் ஏற்றினால் 2 பாக்கெட் குறைவாகப் போகும் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு ஏற்றினால் வரவு அதிகபட்சமாக இருக்கும்?

எக்ஸ் ரூபாய் ஏற்றினால் வரவு = (20 + எக்ஸ்)(100 − 2எக்ஸ்). பெருக்க வேண்டாம் என்று மேலே சொன்னேன் அல்லவா? வரவு பூஜ்ஜியமாகும் இடங்கள்: எக்ஸ் = −20, அதாவது இலவசமாகக் கொடுத்தால்; எக்ஸ் = 50, அதாவது யாருமே வாங்காத விலை. இரண்டுக்கும் நடுவில் 15. விலை 35 ரூபாய், விற்பனை 70 பாக்கெட், வரவு 2450 ரூபாய். முதலில் வந்தது 2000.

சரியா என்று பார்க்க ஜோடியைச் சோதிக்கலாம். 10 ரூபாய் ஏற்றினால் 30 × 80 = 2400. 20 ரூபாய் ஏற்றினால் 40 × 60 = 2400. அச்சுக்கு இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து ரூபாய் தள்ளி, ஒரே வரவு. மாவு, எண்ணெய்ச் செலவைக் கழித்து லாபத்தைக் கணக்கிட்டால் அச்சு வேறு இடத்துக்கு நகரும். வரவும் லாபமும் ஒன்றல்ல என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படுத்த பரவளையமும் சாய்ந்த பரவளையமும்

வர்க்கம் ஒய் மேல் இருந்தால் பரவளையம் பக்கவாட்டில் திறக்கும். எக்ஸ் = ஒய்² − 4ஒய் + 1 என்றால், ஒய் 0 ஆனாலும் 4 ஆனாலும் எக்ஸ் 1. நடுவில் ஒய் = 2, அதுதான் அச்சு, படுக்கைக் கோடு. முனை (−3, 2). பன்னிரண்டாம் வகுப்பில் வரும் ஒய்² = 4ஏஎக்ஸ் வகைக்கு எக்ஸ் அச்சே சமச்சீர் அச்சு. ‘அச்சு எப்போதும் எக்ஸ் = ஏதோ ஒன்று’ என்று பழகிவிட்டவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

சமன்பாடே இல்லாமலும் ஒரு பரவளையத்தை நீங்களே உண்டாக்கலாம், பென்சில்கூட அதிகம் வேண்டாம். மேசையில் இருக்கும் அந்த ஏ4 தாளின் மறுபக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு விளிம்பிலிருந்து 3 செ.மீ தள்ளி, நடுவாக்கில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த விளிம்பின் ஏதோ ஓர் இடம் புள்ளியின் மேல் படும்படி மடித்து நகத்தால் அழுத்துங்கள், பிரியுங்கள். விளிம்பின் வேறு இடத்தைக் கொண்டுவந்து மறுபடி மடியுங்கள். இருபது மடிப்பு ஆவதற்குள், மடிப்புக் கோடுகளுக்கு நடுவே புள்ளியை அணைத்தபடி ஒரு வளைவு எழும்பி வரும். அதுதான் பரவளையம். புள்ளி அதன் குவியம், விளிம்பு அதன் இயக்குவரை. முனை புள்ளிக்கும் விளிம்புக்கும் நட்டநடுவில், விளிம்பிலிருந்து 1.5 செ.மீ தூரத்தில் இருக்கும். அச்சு வேண்டும் என்றால் கடைசியாக ஒரு மடிப்பு: விளிம்பு தன்மேலேயே படிய வேண்டும், மடிப்பு புள்ளி வழியாகப் போக வேண்டும். வளைவின் இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்.

1893-இல் சென்னையில் சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பை வைத்தே வடிவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு நூலை வெளியிட்டார். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டு எழுதிய பிறகு வெளிநாட்டிலும் அது பரவியது. மடிப்பது பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தாளில் யாரோ வரைந்த பரவளையம் மட்டும் இருக்கிறது, சாய்ந்திருக்கிறது, சமன்பாடும் இல்லை, குவியமும் தெரியாது. அப்போது? முதலில் வளைவைக் குறுக்கே வெட்டும் இரண்டு இணைகோடுகள் வரையுங்கள், எந்தச் சாய்வாக இருந்தாலும் சரி. வளைவுக்குள் இருக்கும் துண்டுகளின் நடுப்புள்ளிகளைக் குறித்து அவற்றை இணையுங்கள். கிடைக்கும் கோடு அச்சு இல்லை, ஆனால் அச்சுக்கு இணையானது. பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள். நிற்காமல், இந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, வளைவை இரண்டு இடத்தில் வெட்டும் மூன்றாவது கோடு ஒன்று போடுங்கள். வெட்டும் புள்ளிகள் இரண்டும் உண்மையான ஜோடி. அவற்றின் நடுப்புள்ளி வழியாக, முதலில் கிடைத்த கோட்டுக்கு இணையாக வரைந்தால் அதுதான் சமச்சீர் அச்சு. ‘நடுவில்’, ‘செங்குத்தாக’ என்ற அதே இரண்டு சொற்கள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன.

சமச்சீராக இருப்பதெல்லாம் பரவளையம் இல்லை

இரண்டு ஆணிகளுக்கு நடுவே தொங்கும் சங்கிலி பார்ப்பதற்கு அச்சு அசல் பரவளையம். ஆனால் அது வேறு வளைவு, சங்கிலி வளைவு என்றே பெயர். 1691-இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் அதன் சரியான வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். சமச்சீர் அச்சு அதற்கும் உண்டு. ஆகவே அச்சு இருப்பதை மட்டும் வைத்து ஒரு வளைவைப் பரவளையம் என்று சொல்ல முடியாது.

எறிந்த பொருள் போகும் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638-இல் வெளியிட்டார். அது காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காதபோது. கிரிக்கெட்டில் தூக்கி அடித்த பந்து ஏறும்போது சாய்வாக ஏறி, இறங்கும்போது அதைவிடச் செங்குத்தாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று அதன் வேகத்தைத் தின்றுவிடுவதால் பாதையின் உச்சி நடுவில் இருக்காது, விழும் பக்கமாகத் தள்ளியிருக்கும். சமச்சீர் அங்கே உடைந்துவிடுகிறது.

டிஷ், ஊட்டி

பரவளையத்தின் அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் எல்லாம் பட்டுத் தெறித்துக் குவியத்தில் வந்து சேரும். கேபிள் டிவிக்காரர்கள் மொட்டைமாடியில் வைத்திருந்த பெரிய கம்பிவலை டிஷ்ஷில் இது வெளிப்படையாகத் தெரியும்: அலைவாங்கி டிஷ்ஷுக்கு நேர் முன்னால், நட்டநடுவில், கால்கள் தாங்க நிற்கும். அது நிற்கும் இடம் அச்சின் மேல்.

வீட்டுக்கு மாட்டும் சின்ன டிஷ்ஷில் மட்டும் அலைவாங்கி கீழிருந்து நீளும் ஒரு கையின் நுனியில் இருக்கும். அது பழுது இல்லை. அந்த டிஷ் ஒரு பெரிய பரவளையக் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து எடுத்த துண்டு மாதிரி. சமச்சீர் அச்சு டிஷ்ஷின் நடுவில் போகாது, கீழ் விளிம்பை ஒட்டியோ அதற்கும் வெளியிலோ போகும். அலைவாங்கி அங்கே இருப்பதால் வரும் அலைக்கு அதன் நிழல் குறுக்கே விழுவதில்லை. டிஷ் பார்க்கும் திசையில் நேராகக் கையை நீட்டினால் செயற்கைக்கோள் இருக்காது, அதைவிட உயரத்தில் இருக்கும்.

ஊட்டி அருகே முத்தோரையில் 1970 முதல் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கிண்ணம் மாதிரி இல்லாமல், நெடுக வெட்டிய குழாய் மாதிரி: நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 பரவளையச் சட்டங்களின் மேல் 1100 மெல்லிய எஃகுக் கம்பிகளை நெடுகிலும் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். எங்கே குறுக்காக வெட்டிப் பார்த்தாலும் ஒரே பரவளையம், அதனால் குவியம் ஒரு புள்ளியாக இல்லாமல் நீளவாட்டில் ஒரு கோடாக ஓடுகிறது. சமச்சீர் அச்சும் அப்படியே நீண்டு ஒரு தளமாகிவிடுகிறது.

இந்த நீளவாட்டுத் திசை வேறொரு அச்சோடு பொருந்த வேண்டியிருந்தது, பூமி சுழலும் அச்சோடு. அப்படி இருந்தால் வானத்தில் நகரும், ரேடியோ அலை அனுப்பும் ஒரு பொருளைத் தொடர தொலைநோக்கியை ஒரே அச்சில் திருப்பினால் போதும். அதற்கு நிலம் வடக்கு தெற்காக, அந்த இடத்தின் அட்சரேகை அளவுக்கே, சுமார் 11 பாகை சரிந்திருக்க வேண்டும். இந்தத் தொலைநோக்கியை உருவாக்கிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவரோடு இருந்தவர்களும் அந்தச் சரிவைக் கட்டி உண்டாக்கவில்லை; அப்படியே சரிந்திருக்கும் மலை ஒன்றை நீலகிரியில் தேடிப் பிடித்தார்கள்.